"உடம்பெல்லாம் வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க

"உடம்பெல்லாம் வலிக்குதுங்க டாக்டர்." ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு பூரா வலியும் அசதியும் விடாம நீடிக்கற வியாதி, இருக்கறவங்க நெறைய பேரு மொத மொதல்ல வாயத் தொறந்து சொல்றது இதத்தான், இதச் சொன்ன நிமிஷமே நம்ம கேஸ் முடிஞ்சிருது. எதிர்ல உக்காந்திருக்கறவரு ஒரு நாளைக்கு இத எத்தன தடவ கேப்பாருன்னு நெனச்சுப் பாருங்க. வைரல் ஃபீவர் வந்தவரு, சிக்குன்குனியா வந்து போனவரு, வைட்டமின் டி கம்மியா இருக்கறவரு, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வந்தவரு, எல்லாரும் இதேதான் சொல்றாங்க. ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, "நல்லா தூங்குங்கம்மா, டென்ஷன் ஆகாதீங்க", அடுத்த டோக்கன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். நாப்பது தாண்டியாச்சு. இந்த வியாதிக்கு பேர் தெரிஞ்சு சில வருஷம் ஆகுது, பேர் தெரியறதுக்கு முன்னாடி அலைஞ்ச காலம் அதவிட ஜாஸ்தி. அலைஞ்சதுல எனக்கு புரிஞ்சது ஒண்ணுதான், இது ரத்தத்துல தெரியாது, எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐல தெரியாது, நாம சொல்றதுலதான் தெரியும். அதனால எப்படி சொல்றோம்ங்கறதுதான் இதுக்கு டெஸ்ட்டே.

வலிய பத்தி மொதல்ல சொல்லிடறேன். "எங்க வலிக்குது?"ன்னு கேட்டா எனக்கு பதிலே வராது, ஏன்னா நேத்து வலிச்ச எடம் வேற இன்னிக்கு வலிக்கற எடம் வேற. காலைல கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இறுகிப்போய் கெடக்கும், மத்தியானம் அது லேசாகி இடுப்புல குடைய ஆரம்பிக்கும், சாயங்காலம் கெண்டைக்கால் கடுக்கும், ராத்திரி படுத்தா கை ரெண்டும் மதமதன்னு மரத்துப் போகும். வலது பக்கம் இடது பக்கம்னு இல்ல, இடுப்புக்கு மேல கீழன்னும் இல்ல. ஒரே ஒரு முட்டி மட்டும் வருஷக்கணக்கா வலிக்குதுன்னா அது பெரும்பாலும் வேற கதை. மூட்டு வீங்கி சூடா செவந்து இருந்தாலும் வேற கதைதான். ஃபைப்ரோல மூட்டு வலிக்கும், வீங்கின மாதிரி தோணும், மோதிரம் டைட்டான மாதிரி இருக்கும், ஆனா டாக்டர் அமுத்திப் பாத்தா வீக்கம்னு ஒண்ணும் இருக்காது.

அப்புறம் வலிக்கக் கூடாததெல்லாம் வலிக்கும். கழுத்துல தாலிக்கொடி அழுத்தற எடம், பாவாடை நாடா கட்டற எடம், உள்ளாடை எலாஸ்டிக், தல சீவும்போது சீப்பு. பாப்பா ஸ்கூல்ல இருந்து ஓடி வந்து கட்டிப்புடிச்சா பல்லக் கடிச்சுக்கிட்டுதான் சிரிப்பேன். பிபி பாக்க கைல பட்டைய சுத்தி காத்தடிப்பாங்க இல்லைங்களா, மத்தவங்களுக்கு அது இறுக்கமா மட்டும் இருக்கும், எனக்கு கத்தற அளவுக்கு வலிக்கும். இத நான் ரொம்ப நாள் யார்கிட்டயும் சொல்லவே இல்ல, இதெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களான்னு வெக்கம். ஆனா எனக்கு கடைசியா வைத்தியம் பாத்தவரு ரொம்ப கவனிச்சுக் கேட்டுக்கிட்டது இந்த பிபி பட்டை விஷயத்தத்தான். சொல்லுங்க, அவசியம் சொல்லுங்க.

வலியவிட மோசம் தூக்கம். தூக்கம் வராததுன்னு இல்ல, எட்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன், எந்திரிக்கும்போது ராத்திரி பூரா பீஸ் அடுக்கிட்டு வந்த அசதி இருக்கும். காலைல கையக் கால நீட்டவே அர மணி நேரம் ஒரு மணி நேரம் ஆயிரும், பல்லு வெளக்க பிரஷ்ஷ புடிக்கற கை கெஞ்சும். 1975ல டொரண்டோல மோல்டோஃப்ஸ்கின்னு ஒரு டாக்டர் தன் கூட்டாளிகளோட சேந்து ஒரு ஆராய்ச்சி பண்ணாரு, நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்களையே படுக்க வெச்சு அவங்க ஆழ்ந்த தூக்கத்துக்கு போறப்பெல்லாம் சத்தம் கொடுத்து கலைச்சு விட்டாங்க, முழுசா எழுப்பல, ஆழமா போகாம பாத்துக்கிட்டாங்க. சில ராத்திரி இப்படி போனதுமே அந்த ஆரோக்கியமானவங்களுக்கும் காலைல உடம்பு வலியும் தொட்டா நோவும் வந்திருச்சு. இத படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. "நல்லாத்தான தூங்கறே, குறட்ட கூட கேக்குதே"ன்னு வீட்டுல சொன்னதுக்கு பதில் அதுல இருந்துச்சு. (குறட்ட அதிகமா இருந்தா தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போற ஸ்லீப் ஆப்னியாவா இருக்குமான்னும் பாக்க சொல்வாங்க, அது வேற வைத்தியம்.)

அடுத்தது மண்டை. ஃபைப்ரோ ஃபாக்னு சொல்றாங்க, மண்டைக்குள்ள பனி மூடின மாதிரி மந்தம். என் பொழப்பே ஞாபகத்துல ஓடறது, எந்த ஸ்டைல் எந்த பையர், துணி எத்தன ஜிஎஸ்எம் கனம், லேப் டிப்னு சொல்ற சாயக் கலர் சாம்பிள் அப்ரூவ் ஆச்சா, டையிங்ல இருந்து எப்ப வரும், எல்லாம் மண்டைக்குள்ள இருக்கணும். பையரோட கால்ல பேசிட்டு இருக்கும்போது 'ரிப்'ங்கற வார்த்தை வரல. வருஷக்கணக்கா தெனமும் சொல்ற வார்த்தை. கழுத்துல வருமே, அந்த துணி, அந்த இழுவை துணின்னு கையக் காட்டிட்டு இருக்கேன், எதிர்ல ஜெர்மனிக்காரி முழிக்கறா. பால அடுப்புல வெச்சுட்டு மறக்கறது எல்லாருக்கும் வரும், அத சொன்னா "எனக்கும்தான்"னுவாங்க. டாக்டர்கிட்ட "மறதி ஜாஸ்தி"ன்னு சொல்றதவிட இந்த ரிப் கதைய சொன்னது உபயோகமா இருந்துச்சு.

இதுபோக சத்தம், வெளிச்சம், வாசனை. பிரிண்டிங் யூனிட் பக்கம் போனா அந்த கெரசின் நாத்தத்துக்கு தலவலி அன்னிக்கு பூரா நிக்கும். ஏசில உக்காந்தா தோள் இறுகும், மார்கழி குளிர்ல சொல்லவே வேண்டாம். வயிறு ஒரு நாள் கட்டும் ஒரு நாள் போகும். தூக்கத்துல தாடைய கடிச்சுக்கிட்டு படுத்து காலைல கன்னம் வலிக்கும். படுத்தா கால ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு ஒரு அவஸ்தை. இதுல வேடிக்கை என்னன்னா வயித்துக்கு ஒரு டாக்டர், தாடைக்கு பல் டாக்டர், தலவலிக்கு கண் டாக்டர், கை மரத்துப்போறதுக்கு நரம்பு டாக்டர்னு போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு ஃபைல் போட்டு வெச்சிருந்தேன். எல்லாம் ஒரே ஆளோட உடம்புதான்னு சேத்து வெச்சு பாத்தது கோயம்புத்தூர்ல ஒரு ருமட்டாலஜி டாக்டர். மூட்டு வாத டாக்டர்னு நம்ம ஆளுங்க சொல்வாங்களே, அவங்கதான் ருமட்டாலஜிஸ்ட். எலும்பு டாக்டர் வேற, இவங்க வேற.

அவரு செஞ்சது என்னன்னா ஒரு பேப்பர்ல மனுச உருவம் ஒண்ணு முன்னாடி பின்னாடி வரைஞ்சிருந்தத கொடுத்து, போன ஒரு வாரத்துல வலிச்ச எடத்தெல்லாம் பேனால கிறுக்குங்கன்னாரு. உடம்ப 19 எடமா பிரிச்சிருக்காங்க, தாடை, தோள், மேல் கை, முழங்கைக்கு கீழ, இடுப்பு ஓரம், தொடை, முழங்காலுக்கு கீழ, இதெல்லாம் ரெண்டு பக்கமும் கணக்கு, கூட கழுத்து, நெஞ்சு, வயிறு, மேல் முதுகு, கீழ் முதுகு. எத்தன எடம்னு எண்ணுவாங்க. அப்புறம் அசதி, எந்திரிக்கும்போது தூங்கின தெம்பு இல்லாதது, மண்டை மந்தம் இந்த மூணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க். தலவலி, அடிவயித்து வலி, மனச்சோர்வு போன ஆறு மாசத்துல இருந்துச்சான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். இந்த மார்க்கெல்லாம் கூட்டினா வர்றது ரெண்டாவது மார்க். வலி 7 எடமோ அதுக்கு மேலயோ இருந்து இந்த ரெண்டாவது மார்க் 5ஓ அதுக்கு மேலயோ இருந்தாலோ, இல்ல வலி 4ல இருந்து 6 எடம்தான் ஆனா ரெண்டாவது மார்க் 9ஓ அதுக்கு மேலயோ இருந்தாலோ, அதோட உடம்புல பரவலா இருந்து மூணு மாசமாவது நீடிச்சிருந்தா ஃபைப்ரோமயால்ஜியா. 2010ல அமெரிக்க ருமட்டாலஜி காலேஜ்ங்கற டாக்டருங்க அமைப்பு கொண்டு வந்து, 2016ல திருத்தப்பட்ட முறை இது. அதுக்கு முன்னாடி 1990ல இருந்து உடம்புல 18 எடத்த 4 கிலோ அழுத்தத்துல கட்டவிரலால அமுக்கி 11 எடத்துல வலிச்சாதான் ஒத்துக்குவாங்க. இப்பவும் சில டாக்டருங்க அமுக்கிப் பாக்கறாங்க, பாத்தா பரவால்ல, ஆனா அது கட்டாயம் இல்ல.

இத இவ்வளவு விலாவாரியா எழுதறதுக்கு காரணம் இருக்குங்க. "எல்லா டெஸ்ட்டும் நார்மல், அதனால இது ஃபைப்ரோவா இருக்கும்"னு கைய விரிச்சு வெக்கற பேரு இல்ல இது. இதுக்குன்னு கணக்கு இருக்கு. இன்னொண்ணு, 2016 திருத்தத்துல தெளிவா சொல்லிருக்காங்க, வேற வியாதி இருக்கறதாலயே இது இல்லைன்னு ஆயிடாது. உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்கற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், லூபஸ் மாதிரி வியாதி இருக்கறவங்களுக்கு கூடவே இதுவும் வரும், அப்ப மூட்டு வீக்கம் அடங்கின அப்புறமும் வலி மட்டும் ஏன் அடங்கலைன்னு மண்டைய பிச்சுக்குவாங்க.

அதுக்காக டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லல. தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி இதெல்லாம் பாத்துதான் ஆகணும், தைராய்டு கம்மியா இருந்தாலும் இதே மாதிரி அசதியும் வலியும் வரும், அத மாத்திரைல சரி பண்ணிடலாம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடறவங்களுக்கு அதனாலயே தசை வலி வரலாம். எடை தானா குறையறது, விடாத காய்ச்சல், நெஜமான மூட்டு வீக்கம், ஒரு பக்கம் மட்டும் பலம் இல்லாம போறது, அம்பது வயசுக்கு மேல திடீர்னு தோளும் இடுப்பும் இறுகறது, இதுல எது இருந்தாலும் "எனக்கு ஃபைப்ரோதான்"னு நீங்களே முடிவு கட்டாதீங்க, சீக்கிரம் போய் காட்டுங்க.

சரி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னா வலி எங்கிருந்து வருது? எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஸ்பீக்கர் கட்டுவாங்க, மைக்ல ஒருத்தர் மெதுவா இருமினாக்கூட நாலு தெருவுக்கு கேக்கும். இருமல் சின்னதுதான், ஆம்ப்ளிஃபையர்லதான் சவுண்ட ஏத்தி வெச்சிருக்காங்க. தசைல இருந்து மூளைக்கு போற சேதி சாதாரணமா இருந்தாலும் தண்டுவடமும் மூளையும் அத ஏத்திக் காட்டுது. 2002ல அமெரிக்காவுல கிரேஸ்லின்னு ஒருத்தரும் அவரு குழுவும் ஸ்கேன் பண்ணிக்கிட்டே கட்டவிரல் நகத்த அமுக்கிப் பாத்தாங்க, மத்தவங்களுக்கு அமுக்கறாங்கன்னு மட்டும் தெரியற அதே அழுத்தத்துக்கு ஃபைப்ரோ இருக்கறவங்க மூளைல வலிக்கான பகுதிங்க வேல செஞ்சது படத்துலயே தெரிஞ்சுது. ஆக வலி நெஜம். நடிப்பு இல்ல. இத பிரிண்ட் எடுத்து எங்க அத்தைகிட்ட காட்டலாமான்னு கூட யோசிச்சேன், அவங்க கண்ணாடி போட்டாலும் நியூஸ் பேப்பர் வரைக்கும்தான் படிக்கத் தெரியும்னுவாங்க.

மாத்திரை விஷயத்துல ரெண்டு மூணு சொல்லணும். டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க வீக்கத்துக்கான மருந்து, இங்க வீக்கமே இல்ல, அதனால பெருசா கேக்காது, மெடிக்கல்ல கேட்டு வாங்கி வருஷக்கணக்கா முழுங்குனா வயிறும் கிட்னியும்தான் கெடும். ஸ்டீராய்டும் இதுக்கு ஆகாது. எனக்கு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. வாய் வறளும், காலைல கொஞ்சம் மயக்கமா இருக்கும், ஆனா தூக்கம் தூக்கமா ஆச்சு. என் வீட்டுக்காரரு மாத்திரை பேர போன்ல தட்டிப் பாத்துட்டு "இது டிப்ரெஷன் மாத்திரை, அப்ப உனக்கு மனசுலதான் பிரச்சனை"ன்னாரு. அந்த ஒரு வரிக்காக நெறைய பொம்பளைங்க மாத்திரைய நிறுத்திடறாங்க. டிப்ரெஷனுக்கு கொடுக்கறது இதவிட பல மடங்கு டோஸ், இங்க சின்ன அளவுல வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கறாங்க. டுலாக்ஸெடினும் டிப்ரெஷனுக்கு கொடுக்கற மருந்துதான், ஆனா இங்க கொடுக்கறது மூளைல இருந்து வலிய அடக்கற வழிய தூக்கி விடறதுக்கு. ப்ரீகாபலின் 2007லயும் டுலாக்ஸெடின் 2008லயும் அமெரிக்காவுல இந்த வியாதிக்குன்னே அனுமதி வாங்கின மருந்துங்க. ப்ரீகாபலின் எனக்கு ஒத்துக்கல, தல சுத்தி எடை ஏறிருச்சு, எங்க ஆபீஸ்லயே இன்னொரு அக்காவுக்கு அது ஒண்ணுதான் கேக்குது. எதையும் சொல்லாம கொள்ளாம திடீர்னு நிறுத்தாதீங்க, கொறச்சு கொறச்சுதான் நிறுத்தணும், அதுவும் டாக்டர கேட்டுட்டு.

ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு, ஈயூலார்னு சொல்வாங்க, அவங்க எல்லா வைத்தியத்தையும் எடை போட்டு பாத்து ஒண்ணே ஒண்ணத்தான் அழுத்தமா சிபாரிசு பண்ணாங்க. உடற்பயிற்சி. எனக்கு இத கேட்டதும் கோவம்தான் வந்துச்சு, படியேறவே முடியல இதுல எக்சர்சைஸான்னு. ஆனா அவங்க சொல்ற எக்சர்சைஸ் நாம நெனைக்கறது இல்ல. மொட்டை மாடில அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான். நல்லா இருக்கேன்னு இருவது நிமிஷம் போகக் கூடாது, மோசமா இருக்கேன்னு விடவும் கூடாது, மறுநாள் வலி ஏறலைன்னா கொஞ்சம் கூட்டணும். வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள நின்னு செய்யறதும் நல்லதாம், திருப்பூர்ல பொம்பளைங்களுக்கு அப்படி ஒரு எடத்த யாராச்சும் காட்டுனா புண்ணியமா போகும். நான் சுடுதண்ணிய தோள்ல ஊத்திக்கிட்டு தோள சுத்தறதோட சரி.

இதுல எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது நல்லா இருக்கற நாள்தான். வலி கம்மியா இருக்கற ஒரு ஞாயித்துக்கெழம வந்தா போதும், ஒட்டடை அடிச்சு, மாவாட்டி, போர்வையெல்லாம் தொவச்சு, மூணு வாரம் பாக்கி இருந்தத ஒரே நாள்ல முடிச்சிருவேன். செவ்வாக்கெழம படுத்தா வெள்ளி வரைக்கும் எந்திரிக்க முடியாது. பொங்கலுக்கு வீடு கழுவறதெல்லாம் கேக்கவே வேண்டாம். இந்த வலி உடனே வர்றதில்ல, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு வரும், அதனால எது எதனால வந்துச்சுன்னே புடிபடாது. நான் காலண்டர் தாள்லயே அன்னன்னிக்கு செஞ்ச பெரிய வேலைய கிறுக்கி வெச்சேன், அதுலதான் தெரிஞ்சுது, ஷிப்மென்ட் வாரத்துக்கு அடுத்த வாரம்தான் நான் லீவு போடறேன். இப்ப நல்லா இருக்கற நாள்லயும் பாதில உக்காந்துக்கறேன். பாக்கறவங்களுக்கு சோம்பேறித்தனம்.

வீட்டுல சொல்றது டாக்டர்கிட்ட சொல்றதவிட கஷ்டம். பாக்க நல்லாத்தான இருக்கறேங்கறதுக்கு என்ன பதில் இருக்கு. அத்தை கண்ணு பட்டுருச்சுன்னு மொளகா சுத்திப் போட்டாங்க, மந்திரிச்சாங்க, பேர் தெரியாத பொடி ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க, அந்த பொடிய மட்டும் வேண்டாம்னுட்டேன், அந்த மாதிரி பொடில ஸ்டீராய்டு கலந்திருந்து மொகம் வீங்கி சுகர் ஏறினவங்கள பத்தி டாக்டருங்க சொல்லக் கேட்டிருக்கேன். பாப்பா அவ பங்குக்கு "பாடகி லேடி காகாவுக்கே இருக்காம் பாட்டி, 2017ல அவங்களே சொன்னாங்க, வலியால ஐரோப்பா டூரையே தள்ளி வெச்சாங்க"ன்னா. "அது யாரு கண்ணு, எந்த ஊரு?"ன்னாங்க அத்தை. வியாதி பேர சொல்லி ஒண்ணும் நடக்கலைங்க. இப்ப நான் வலிய பத்தியே பேசறதில்ல. "அத்தை, இன்னிக்கு கிரைண்டர் கல்ல தூக்க முடியாது, உக்காந்து காய் அரிஞ்சு தர்றேன்"னு சொல்றேன். முடியாததையும் முடியறதையும் சேத்து சொன்னா சண்ட வர்றதில்ல, அவங்க கல்ல தூக்கிட்டு முணுமுணுப்பாங்க, அது பரவால்ல.

ஆபீஸ்ல அது மாதிரிதான், வியாதிக்கு சர்டிஃபிகேட் கேட்டா கெடைக்கறது கஷ்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகைல ஃபைப்ரோமயால்ஜியான்னு தனியா இல்ல. அதனால சலுகைன்னு கேக்காம வேலையாவே கேட்டேன். ஏசி நேரா அடிக்காத எடத்துல சீட், காலைல கொஞ்சம் லேட்டா வந்து சாயங்காலம் சேத்து இருக்கறது, பையர் கால் முடிஞ்ச உடனே பேசினத மெயில்ல எழுதி எல்லாருக்கும் போடறது. கடைசில சொன்னது என் மறதிக்காக ஆரம்பிச்சது, இப்ப எங்க டீமே அத செய்யுது, ஏன்னு யாருக்கும் தெரியாது.

நீங்க டாக்டர பாக்கப் போறதா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க. வலி பத்துக்கு எத்தனைன்னு எழுதாதீங்க, என்ன செய்ய முடியாம போச்சுன்னு எழுதுங்க, பின்னல் போட கை தூக்க முடியல, பஸ்ல கம்பிய புடிக்க முடியல, இப்படி. எப்ப ஆரம்பிச்சது, எந்திரிக்கும்போது எப்படி இருக்கு, தொட்டா எது வலிக்குது, வயிறு தல தாடை எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல. இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை பேரு, நாட்டு மருந்து இருந்தா அதையும் மறைக்காம. சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல ருமட்டாலஜிக்குன்னே தனி பிரிவு இருக்கு, சின்ன ஊர்ல இருக்கறவங்க பக்கத்துல இருக்கற பொது மருத்துவர்கிட்டயே ஆரம்பிக்கலாம், அவரும் இத பாக்கலாம். பழைய ரிப்போர்ட்டெல்லாம் தேதி வாரியா அடுக்கி ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க. ஒரிஜினல கொடுத்துட்டு வந்துராதீங்க, திரும்ப வாங்கறதுக்கு ஒரு தடவ பஸ் ஏறணும், அதுக்கு ரெண்டு நாள் படுக்கணும்.